கட்டிடச் செலவை மதிப்பிடுதல்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டிற் பெருவழக்காயுள்ள பழமொழி. இவ்விரண்டையும் ஒருங்கே சேர்த்துக் கூறியதன் கருத்து யாதெனில், இரண்டிலும் செலவானது முன்னே எண்ணிய அளவில் நில்லாது என்பதேயாம். கல்யாணத்திலேனும் பணம் போதாதெனத் தெரிந்தால் பந்தலைச் சிறிதாக்கலாம், விருந்தைச் சுருக்கலாம். வீடோ அத்தகையதன்று. சுவர் எழும்பிக் கூரை ஏறாது நின்ற வீட்டில் எவரும் குடிபுகுதல் இயலாது. அச்சுவர்கள் மழையில் நனைந்து பாசி பிடித்து நிற்க, வீட்டுக்காரரோ வாடகை வீட்டிலிருந்துகொண்டு கடனுக்கு வட்டி கட்டுவார். இத்தகைய அரைக்கட்டிடங்களை நாம் ஊர்தோறும் காண்கிறோம். அவற்றுட் பலவற்றின் குறை கல்லிலும் கலவையிலும் தோன்றியதன்று; முதல் நாள் பிழைபட எழுதிய கணக்கிலோ, எழுதாமலே விட்ட கணக்கிலோ தோன்றியதாகும்.

இக்கணக்கே செலவு மதிப்பீடு எனப்படும். மேஸ்திரிகளும் கன்ட்ராக்டர்களும் இதனை எஸ்டிமேட் என்று வழங்குவர். இஃது என்ஜினீயர்களுக்கே உரிய வித்தை என்று கருதி அநேகர் ஒதுங்கிவிடுகின்றனர். அங்ஙனம் ஒதுங்குதற்கு நியாயமில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கும் அறிந்த எவரும் இதன் அடிப்படைகளை எளிதில் உணரலாம். நம் மாணாக்கர் நாளை ஆசிரியராகவும், ஊராட்சி உறுப்பினராகவும், சங்கங்களின் பொருளாளராகவும் அமர்வர். அப்பொழுது பள்ளிக்கூடத்திற்கு ஓர் அறையோ, ஊருக்கு ஒரு நீர்த்தொட்டியோ கட்டுதற்குரிய எஸ்டிமேட் அவர்கள் முன் வைக்கப்படும். அதனைப் படித்தறியாது கையெழுத்திடுதல் பிறர் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிடுதலை ஒக்கும். ஆதலின் இக்கலையின் முதற்கொள்கைகளை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

மதிப்பிடுவோனுக்குப் பொறுப்பு உண்டென்பது மிகப் பழைய எண்ணம். உரோம நாட்டுக் கட்டிடக்கலைஞராகிய விட்ருவியஸ் என்பார் தம் நூலின் பத்தாம் பகுதியின் முகவுரையில் எபேசு நகரத்துப் பழைய சட்டமொன்றைக் குறித்துள்ளார். அந்நகரில் பொதுக் கட்டிடமொன்றை மேற்கொள்ளும் கலைஞன் அதற்காகும் செலவை முன்னரே அறிவித்தல் வேண்டும். வேலை முடியுமளவும் அவன் சொத்து அதிகாரிகள் வசம் ஈடாக நிற்கும். சொன்ன தொகைக்குள் வேலை முடிந்தால் அவனுக்குச் சிறப்புச் செய்வர். நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் செலவு மிகுமாயின் மிகுதியை நகரத்தார் ஏற்பர். அதற்கும் மேற்பட்டதை அவன் தன் சொத்திலிருந்தே கொடுத்துத் தீர்க்க வேண்டும். அச்சட்டம் இக்காலத்தில் எங்கேனும் நடைமுறைக்கு வருமாயின் எத்தனை பேர் பேனாவைத் தொடத் துணிவர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வாராக.

மதிப்பீடு இருவகைப்படும். ஒன்று தோராய மதிப்பீடு. மற்றது விரிவு மதிப்பீடு. ஒரு சதுர அடிக்கு இன்ன தொகை என்று வைத்துக்கொண்டு, கட்டிடத்தின் பரப்பினால் அதனைப் பெருக்கிக் கூறுவது தோராய மதிப்பீடாகும். கட்டலாமா, வேண்டாமா என்று ஆலோசிக்கும் அளவில் இது போதும். கட்டத் தொடங்குதற்கு இது போதாது. ஒரே பரப்புடைய இரு வீடுகளுள் ஒன்று பாறைமேலும் மற்றொன்று கரிசல் மண்மேலும் நிற்குமாயின், அஸ்திவாரச் செலவே இருமடங்கு வேறுபடலாம். சதுர அடிக் கணக்கு அதனைக் காட்டாது. விரிவு மதிப்பீடோ வரைபடம் முற்றுப்பெற்ற பின்னர், வேலையின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அளந்து எழுதப்படுவது. படம் முடியுமுன் வேலை தொடங்குதலின் விளைவை ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரத்து இசையரங்கு உலகுக்குக் காட்டிற்று. வடிவம் முழுதும் முடிவுபெறு முன்னரே, 1959-ம் ஆண்டில், அதன் வேலை தொடங்கப்பெற்றது. முதலில் 70 லட்சம் டாலராக மதிப்பிடப்பெற்ற அக்கட்டிடம் 1973-ல் திறக்கப்பட்டபொழுது 10 கோடியே 20 லட்சம் டாலரை விழுங்கியிருந்தது. செல்வமுள்ள நகரமாதலின் அது தாங்கிற்று. ஏழைக் குடும்பமொன்றின் வீட்டில் இதனிற் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் கூரை ஏறாது.

விரிவு மதிப்பீடு அளவு, விலைவீதம் என்னும் இரண்டு கால்களால் நிற்பது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு என்று காண்பது முதலாவது. அவ்வேலை ஓர் அலகுக்கு என்ன செலவாகும் என்று காண்பது இரண்டாவது. இவ்விரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். இவற்றை விளக்குதற்கு நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரப் பகுதியிலுள்ள காளப்பநாயக்கன்பட்டியை இடமாகக் கொள்வோம். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாக மலைக்கு ஏறுவோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். இவ்வூரை ஏன் தேர்ந்தோம் என்பது பின்னர் விளங்கும்.

இவ்வூரில் ஒருவர் ஓர் அறை கட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறையின் உள்நீளம் 4 மீட்டர். உள்ளகலம் 3 மீட்டர். சுவரின் உயரம் 3 மீட்டர். சுவரின் கனம் 20 சென்டிமீட்டர். 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவொன்றும், 1 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னல்கள் இரண்டும் அதற்கு உண்டு. சுவர் எத்தனை கன மீட்டர்?

முதன்முதலாகக் கணக்கிடுவோர் இங்கேயே இடறுவர். உள்ளளவுகளைக் கொண்டு சுற்றளவு கண்டால் 14 மீட்டர் வரும். வெளியளவுகளைக் கொண்டால் 15.6 மீட்டர் வரும். முன்னதில் நான்கு மூலைகளும் விடுபடும். பின்னதில் அவை இருமுறை எண்ணப்படும். ஆகையால் சுவரின் கனத்தில் நேர்பாதியிலே ஓடும் நடுக்கோட்டின் நீளத்தைக் கொள்ளுதல் முறை. நடுக்கோட்டின்படி நீளம் 4.2, அகலம் 3.2, சுற்றளவு 14.8 மீட்டர். இதனை 3 மீட்டர் உயரத்தாலும் 0.2 மீட்டர் கனத்தாலும் பெருக்கின் 8.88 கன மீட்டர் ஆகும். கதவு ஜன்னல்களின் மொத்தப் பரப்பு 4.4 சதுர மீட்டர். அவற்றிற்காகக் கழிக்க வேண்டியது 0.88 கன மீட்டர். ஆகவே கட்ட வேண்டிய சுவர் சரியாக 8 கன மீட்டர். கதவு ஜன்னல்களின் மேல் வரும் கான்கிரீட் விட்டங்களையும் கழித்தல் வேண்டுமாயினும், எளிமை கருதி அதனை ஈண்டு விடுத்தோம். நடுக்கோட்டை அறியாது உள்ளளவைக் கொண்டவர் அரைக் கன மீட்டர் அளவு குறைத்தெழுதுவர். அஃதாவது ஏறத்தாழ 240 செங்கல் குறையும். ஓர் அறைக்கே இவ்வளவென்றால் பத்தறைப் பள்ளிக்கூடத்திற்கு எவ்வளவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கழித்தலுக்கும் விதிகள் உண்டு. கட்டிட வேலைகளை அளக்கும் முறைக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 1200 என்னும் தொகுதியை வெளியிட்டுள்ளது. இருபுறமும் பூசப்படும் சுவரில், அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குப் பூச்சுக்கணக்கில் ஒன்றும் கழிப்பதில்லை. அதற்கு மேற்பட்டு 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு புறத்தை மட்டுமே கழிப்பர். திறப்பின் உட்பக்கங்களிற் செய்யும் பூச்சுக்கு அம்மறுபுறம் ஈடாக நிற்கும் என்பது இதன் கருத்து. நம் அறையின் கதவும் ஜன்னல்களும் இவ்வகையிலேயே அடங்கும். கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் நாள்தோறும் எழும் வழக்குகளுட் பல இவ்விதியை இருவரும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளாமையால் விளைவனவாம்.

இனி, 8 கன மீட்டர் சுவருக்கு வேண்டும் பொருள்களைக் காண்போம். 19 சென்டிமீட்டர் நீளமும், 9 சென்டிமீட்டர் அகலமும், 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தரச்செங்கல், கலவையின் கனத்தோடு சேர்ந்து 20, 10, 10 என நிற்கும். ஆகவே ஒரு கன மீட்டருக்கு 500 கல் ஆகும். நம் சுவருக்கு 4,000 கல். உடைவுக்காக நூற்றுக்கு ஐந்து சேர்ப்பின் 4,200. ஆனால் நம் பக்கத்துச் சூளைகளில் வேகும் நாட்டுச் செங்கல் சூளைக்குச் சூளை அளவு மாறும். ஆதலின் புத்தகத்திலுள்ள எண்ணை அப்படியே நம்புதல் தகாது. வாங்கப்போகும் சூளையின் கல் பத்தை வரிசையாக அடுக்கி அளந்து, சராசரி கண்டு, அதற்கேற்ப எண்ணிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

ஒரு கன மீட்டரில் 500 கல் அடைத்துக்கொண்டது போக எஞ்சிய இடம் ஏறத்தாழ 0.23 கன மீட்டர். கலவை இவ்விடத்தை நிரப்பும். சிமெண்டும் மணலும் நீர் பட்டவுடன் சுருங்குமாதலாலும், வேலையிற் சிந்துமாதலாலும், மூன்றில் ஒரு பங்கு கூட்டி உலர்ந்த அளவு 0.31 என்று கொள்வோம். ஒரு பங்கு சிமெண்டும் ஆறு பங்கு மணலும் என்னும் விகிதத்தில் இதனை ஏழாக வகுத்தால், சிமெண்டு 0.044 கன மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 64 கிலோ, மணல் 0.266 கன மீட்டர். எட்டுக் கன மீட்டருக்குச் சிமெண்டு 512 கிலோ. 50 கிலோ மூட்டையாயின் 11 மூட்டை வாங்க வேண்டும். மணல் 2.13 கன மீட்டர், அஃதாவது 75 கன அடி. 100 கன அடியை ஒரு யூனிட் என்று விற்கும் நம் நாட்டு வழக்கில் இது முக்கால் யூனிட் ஆகும்.

நிற்க, இனி விலைவீதத்தை ஆராய்வோம். ஒரு கன மீட்டர் சுவரின் விலைவீதத்திற் பொருளின் விலை, கொத்தனார் சித்தாள் ஆகியோரின் கூலி, சாரமும் கருவிகளும், தண்ணீர், ஏற்றுக்கூலி, கன்ட்ராக்டரின் லாபம் என்பன அடங்கும். லாபத்திற்கு நூற்றுக்குப் பத்து என்று வைப்பது பொதுவழக்கு. இவையெல்லாம் கூட்டிய மொத்தத்தின்மேல், எதிர்பாராத செலவுக்கென நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை ஒதுக்குவர். அரசாங்கத்தின் பொதுப்பணித் துறை இவ்வீதங்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிடுகின்றது. அவ்வட்டவணையைப் பார்த்து எழுதிவிட்டால் போதாதா என்று மாணாக்கர் வினவலாம். போதாது என்பதை உணர்த்துதற்கே காளப்பநாயக்கன்பட்டியைத் தேர்ந்தோம்.

இவ்வூரிலிருந்து கிழக்கே நோக்கின் கொல்லிமலை நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. மலைமேலுள்ள செம்மேடு முதலிய ஊர்கள் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கின்றன. மேற்சொன்ன அதே அறையை, அதே அளவில், அதே செங்கல் கொண்டு செம்மேட்டிற் கட்டுவதாக நினைப்போம். அளவுக் கணக்கில் ஓர் எண்ணும் மாறாது. சுவர் அங்கும் 8 கன மீட்டரே. ஆனால் விலைவீதம் முழுதும் மாறிவிடும்.

மாறுவதன் காரணம் எடையாகும். செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. 4,200 கல் 12,600 கிலோ. மணல் ஏறத்தாழ 3,400 கிலோ. சிமெண்டு 550 கிலோ. ஆகக் கூடி ஓரறையின் சுவருக்கு மாத்திரம் பதினாறரை டன் எடை மலையேற வேண்டும். ஜல்லியும் கம்பியும் மரமும் இதிற் சேரவில்லை. மோட்டார்ப் பாதை இல்லாத காலத்தில் இது தலைக்கு 30 கிலோவாக 550 சுமை ஆகியிருக்கும். இப்பொழுது லாரிகள் ஏறுகின்றன. எனினும் 70 வளைவுகளிற் பாரவண்டியைத் திருப்பி ஏற்றுதற்கு ஆகும் எண்ணெயும் நேரமும் சமவெளியில் ஆவதினும் மிக அதிகம். கணக்கின் வசதிக்காக மட்டும், அடிவாரத்தில் கல் ஒன்று 8 ரூபாய் என்றும், மலைக்கு ஏற்றிச் சேர்க்க 4 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் 33,600 ரூபாய்க்கு முடியும் கல், மலைமேல் 50,400 ரூபாய் ஆகிவிடும். 16,800 ரூபாய் வேறுபாடு ஒரு கல்லும் கூடாமலே வந்ததன்றோ?

இதனோடு முடியவில்லை. மலைச்சரிவில் மனை மட்டமாயிராது. ஒரு புறத்து அஸ்திவாரம் மறுபுறத்தினும் உயர்ந்து எழவேண்டும். மண் சரியாதிருக்கத் தாங்குசுவரும் வேண்டியிருக்கலாம். மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில் வேலை தடைப்படும். கீழிருந்து வந்த கொத்தனாருக்குத் தங்குமிடமும் உணவும் கொடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் அடிவாரத்து எஸ்டிமேட்டில் இல்லை. ஆதலின் சமவெளிக்கென எழுதிய தாளை மலைக்கும் அப்படியே அனுப்புவோர் பொய் எழுதும் நோக்கமின்றியே பொய் எழுதியவராகின்றனர்.

இவ்வேறுபாட்டை அரசாங்கத்தாரும் ஒருவாறு உணர்ந்துள்ளனர். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளி வீடொன்றுக்கு 1,20,000 ரூபாயும், மலை மாநிலங்களிலும் கடினமான பகுதிகளிலும் உள்ள வீட்டுக்கு 1,30,000 ரூபாயும் உதவித்தொகையாக வகுத்தனர். கொள்கை நன்றே. ஆயினும் ஏற்றுக்கூலி எடைக்கும் தொலைவுக்கும் ஏற்றத்திற்கும் தக்கபடி ஏறுவது. எல்லா இடத்திற்கும் ஒரே தொகையாக வைத்த மிகுதி சிலர்க்குப் போதியதாகவும் சிலர்க்குப் போதாததாகவும் முடியும். உதவித்தொகை தீர்ந்தபின் எஞ்சிய சுவருக்கு ஏழைக் குடியானவர் கடன் வாங்குவர். பிறர் செய்த கணக்கின் பிழைக்கு அவர் வட்டி செலுத்த நேரிடும்.

எனின், மலைமேல் வாழ்வோர் நல்ல வீடு கட்டுதற்கு வழியில்லையோ? உண்டு, அதனைக் காட்டுவதும் மதிப்பீடே. எடையே செலவுக்குக் காரணம் என்று கணக்குக் காட்டியவுடன், எடையைக் குறைக்கும் வழியைத் தேடுதல் இயல்பு. அருகிற் கிடைக்கும் கல்லால் சுவர் எழுப்பலாமா? நல்ல மண் இருக்குமாயின் சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய மண்கட்டிகளை அங்கேயே செய்யலாமா? இவ்வொவ்வொன்றுக்கும் தனித்தனியே விலைவீதம் எழுதி ஒப்பிட வேண்டும். கல்லுடைக்கும் கூலி அதிகமாகலாம். ஆயினும் ஏற்றுக்கூலி மிச்சமாகும். கொல்லிமலை மக்கள் மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு முற்காலத்தில் வீடு அமைத்ததன் அறிவும் ஏற்றுக்கூலியில்லாத பொருளைத் தெரிந்துகொண்டதேயாம். காகிதமும் பேனாவும் இன்றி அவர்கள் செய்த மதிப்பீடு அது என்று கூறலாம்.

இம்மலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் ஆங்கிலேயர் கட்டிடத் தொழிலிற் பழகியவர். மணம் புரிந்து 1913-ல் தம் மனைவி ஈவ்லினுடன் மலையேறிய அவர், 1929-ல் காய்ச்சலால் மரிக்கும் வரையில் கட்டிடம் முதலிய பல தொழில்களை அங்கே நடத்தினார். 1914-ல் பிறந்த அவருடைய குமாரர் பால் பிராண்டு, தந்தையைப்போலத் தாமும் பயன்பட விரும்பி, இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்து ஆண்டு கட்டிடத் தொழில் பயின்ற பின்னரே மருத்துவம் கற்றார். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீர்ப்படுத்தும் சிகிச்சையால் உலகறியப் பெற்றார். சுமை சுமப்போரின் தோள்மேல் ஒவ்வொரு பலகையும் ஏறிவந்த மலையில், வேண்டுவதை எண்ணிக் கொணர்தலும் எண்ணியதை வீணாக்காமையும் கல்வியின் பகுதிகளாயிருந்தன என்பதில் ஐயமில்லை.

எஸ்டிமேட் ஒன்று நம் முன் வருங்கால் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம். படம் முற்றுப்பெற்றதா? அளவுகள் நடுக்கோட்டின்படி எடுக்கப்பட்டனவா? கழித்தல் எவ்விதிப்படி? பொருள் எங்கிருந்து வருகிறது. அவ்விடத்திலிருந்து வேலைத்தலம் எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஏற்றம்? மண்ணைத் தோண்டிப் பார்த்தனரா? தண்ணீர் அருகில் உண்டா? மின்சாரம், கழிவுநீர், சுற்றுச்சுவர், கதவுக்கு வர்ணம் என்பன சேர்க்கப்பட்டனவா, விடப்பட்டனவா? விடப்பட்டவற்றின் பெயரையும் தாளின் அடியில் எழுதும் மதிப்பீட்டாளனே நம்பத் தக்கவன். விடப்பட்டது இன்னதென்று முன்னரே தெரிந்தால் அதற்கு வழி தேடலாம். பாதியில் தெரிந்தால் தேட வழியில்லை.

குறைத்தெழுதுதலை இரக்கமென்று சிலர் எண்ணுகின்றனர். உண்மைத் தொகையைச் சொன்னால் வீட்டுக்காரர் மனமொடிந்து கட்டாமலே விட்டுவிடுவார் என்று அஞ்சி, ஒரு பங்கைக் குறைத்துச் சொல்வர். அவ்வீட்டுக்காரர் கட்டாதிருந்தால் அவர் கையிற் பணமேனும் இருந்திருக்கும். மிகுத்தெழுதுதலும் தீதே, அதனால் கட்டக்கூடியவர் கட்டாதொழிவர், அல்லது இடையிலுள்ளோர் பங்கிட்டுக்கொள்வர். மெய்யான எண்ணைச் சொல்லி, அதனோடு அறையைச் சிறிதாக்கவும் அருகிலுள்ள பொருளைக் கொள்ளவும் வழிகாட்டுதலே உண்மையான உதவியாம்.

நம் மாணாக்கர் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்போது, அங்கே கட்டப்படும் வீடொன்றினருகே அளவுநாடாவுடன் சென்று, ஒரே ஓர் அறையின் சுவரை அளந்து, கல்லையும் சிமெண்டையும் மணலையும் தாமே கணக்கிட்டு, பின் அங்குள்ள மேஸ்திரியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. எண்கள் வேறுபடுமாயின் காரணத்தைப் பணிவுடன் அவரிடமே கேட்டறிக. அவர் அனுபவத்தால் அறிந்த உடைவும் சிந்துதலும் நம் புத்தகத்தில் இல்லாதிருக்கலாம். புத்தகம் கூறும் நடுக்கோடு அவருக்குப் புதிதாயிருக்கலாம். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பராயின், அவ்வூரில் அடுத்துக் கட்டப்படும் வீட்டிலேனும் குறித்த பணத்திற்குள் கூரை ஏறும்.